இரண்டு கல்லறைத் தோட்டங்களை ஒன்றாக்கினேன்

அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், பரீட்சை விண்ணப்பம் என்று எதுவானாலும் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுப்பது என் தொழில். இருபது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களின் முகவரிகளை அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் எந்தப் பஞ்சாயத்து, எந்தத் தாலுகா என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. பெரியப்பா மகன் ஊர்ப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஒரு வேலையை என்னிடம் கொடுத்ததற்கும் அதுதான் காரணம்.

அந்த அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். ஓய்வு பெற்றபின் இணையத்தில் எங்கள் குடும்ப மரத்தைப் போட ஆரம்பித்தார். அப்பா வழி உறவுகள் பலரும் சேர்ந்துகொண்டார்கள். யார் வேண்டுமானாலும் ஆள் சேர்க்கலாம், திருத்தலாம், போட்டோ ஏற்றலாம். அதே தளத்தில் வேறு குடும்பங்களும் மரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு மரங்களில் ஒரே ஆள் இருப்பதுபோல் தெரிந்தால் தளமே அதைச் சொல்லும். சரி என்று தோன்றினால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் நானூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். கூடவே ஊர்களும் சேர்ந்தன, கண்டபடி.

“ஊரு, கோயிலு, கல்லறை, இந்த மூணையும் நீ ஒழுங்கு பண்ணிக் குடும்மா,” என்றார் அண்ணன் போனில். “ஒரே ஊரு எட்டு விதமாக் கெடக்கு. எனக்குத் தல சுத்துது.”

அவர் சொன்னது சரிதான். எங்கள் அப்பாவின் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை ஒருவர் இராமநாதபுரம் ஜில்லா என்று போட்டிருந்தார். அவர் பிறந்தபோது அது அப்படித்தான் இருந்தது. அவருடைய பேத்தி விருதுநகர் மாவட்டம் என்று போட்டிருந்தாள். ஒருவர் அருப்புக்கோட்டைத் தாலுகா என்றார், இன்னொருவர் திருச்சுழித் தாலுகா என்றார். எல்லாரும் பிறந்தது ஒரே தெருவில். கனடாவில் இருக்கும் ஒரு பையன், அவனுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, எல்லோரையும் மதுரையில் பிறக்க வைத்திருந்தான்.

கோயில் விஷயம் அதைவிட மோசம். அப்பா ஊர்க் கோயில் வேதக்கோயில், சபைக்கோயில், ஓட்டுக்கோயில், புதுக்கோயில் என்று ஏழு பெயர்களில் இருந்தது. ஓட்டுக்கோயிலை இடித்துவிட்டு அதே இடத்தில்தான் புதுக்கோயில் கட்டினார்கள். ஓட்டுக்கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் புதுக்கோயிலில் கல்யாணம் செய்திருக்கிறார்கள். இது ஒரே இடமா, இரண்டு இடமா என்று நானும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் பேசினோம். கடைசியில் ஒரே இடம் என்று வைத்து, குறிப்பில் ஓட்டுக்கோயில் என்று எழுதினேன். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து, பட்டியல் சுருங்கச் சுருங்க எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதைத்தான் செய்தேன்.

அந்தத் தளத்தில் இரண்டு இடங்களை ஒன்றாக்குவது சுலபம். இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒன்றில் இருக்கும் ஆட்கள் அத்தனை பேரும் மற்றொன்றுக்குப் போய்விடுவார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் எல்லாருக்கும் அந்தப் புள்ளியே காட்டும்.

கல்லறைகளின் பட்டியலில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று, ‘சபைக் கல்லறைத் தோட்டம், அருப்புக்கோட்டை’. இன்னொன்று, ‘சபைக் கல்லறைத் தோட்டம், அருப்புக்கோட்டைத் தாலுகா’. யாரோ தாலுகா என்று அதிகப்படியாகச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக்கி, செயற்கைக்கோள் படத்தில் டவுனில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் பிடித்து, வாசல் கேட்டின்மேலேயே புள்ளியை வைத்தேன். ஒரு நிமிட வேலை. அன்றைக்கு ஒன்பது இடங்களை முடித்ததாக அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது பந்தல்குடிக்கு உள்ளே ஒரு ஊரில், ஆர்.சி. குடும்பத்தில். அப்பா பந்தல்குடியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். சபைக்காரர், அதாவது புராட்டஸ்டண்ட். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான், தமிழர்கள்தான், ஒரே சாதிதான். ஆனாலும் மாதா கோயில் வேறு, வேதக்கோயில் வேறு. அம்மா வீட்டில் சம்மதிக்கவில்லை. அம்மா அப்பாவோடு வந்துவிட்டாள். அப்பா ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. அதற்குப்பின் அருப்புக்கோட்டையில் குடியிருந்தோம். அம்மாவின் வீட்டார் யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. அவர்களைப் பற்றி அம்மா பேசியதும் இல்லை.

ஆனால் இடி இடிக்கும்போது அவளுடைய வலது கை தானாக நெற்றிக்குப் போகும். சிலுவை போட எழுந்த கை பாதியில் நின்று, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிவிடும். சின்ன வயதில் எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. இடி வந்தால் முடியை ஒதுக்க வேண்டும் என்று நானும் ஒதுக்கிக்கொள்வேன்.

தூத்துக்குடிக்குப் போகும் பஸ்ஸில் பந்தல்குடி தாண்டியதும், அம்மாவின் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கு வரும். அது வரை அம்மா என்னோடு பேசிக்கொண்டு வருவாள். விலக்கு நெருங்கும்போது பேச்சு நின்றுவிடும். அங்கே இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் ஒவ்வொருவராகப் பார்ப்பாள். பஸ் கிளம்பின பிறகும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை, “யாரும்மா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சவுக மாதிரி இருந்துச்சு,” என்றாள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா ஊருக்குக் கொண்டுபோய் அங்குள்ள கல்லறையில் அடக்கம் செய்தோம். அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “அவுக நம்மள வேண்டாம்னுட்டாக,” என்று மட்டும் சொன்னார். பின்னாளில் அவரும் போய், அம்மாவுக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார்.

அம்மாவின் ஊர் என் கடையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. நான் போனதே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் சான்றிதழுக்கு என் கடைக்கு வருவார்கள். ஊர்ப் பெயரை அடிக்கும்போது தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பேன். மூக்கையோ, தாடையையோ, காது நுனியையோ. அம்மாவின் சாயல் இருந்தால் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டதில்லை. ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

குடும்ப மரத்தில் அம்மாவின் தகப்பன், தாய் என்ற இரண்டு கட்டங்களையும் நான் காலியாக விட்டிருந்தேன். அவளுடைய அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும், அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிறது. எழுதவில்லை. அவர்கள் வேண்டாம் என்றார்கள், நானும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஊர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தபோது மட்டும், பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவளுடைய ஊரைச் சரியான எழுத்தில் நிரப்பினேன். அங்கே ஏற்றியிருந்த போட்டோ பழைய ரேஷன் கார்டுக்காக எடுத்தது. அம்மாவின் கடைசிப் போட்டோவும் அதுதான்.

நவம்பர் மாதம் பாதி கடந்திருந்தது. ஒரு காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மரத்தில் மாற்றம் நடந்திருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. அதை அழுத்தினால் அம்மாவின் பக்கம் திறந்தது.

அம்மாவுக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். தகப்பன், தாய். பக்கத்தில் ஒரு அண்ணன், ஒரு தங்கை. ஞானஸ்நானம் என்ற இடத்தில் அம்மாவின் ஊர் மாதா கோயில். தகப்பனுக்கு மேலே இன்னும் மூன்று தலைமுறை. அவ்வளவு காலமாக மேலே ஒன்றுமில்லாமல் நின்ற அம்மா ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். தளம் இரண்டு மரங்களிலும் இருப்பது ஒரே ஆளாக இருக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அவர்கள் ஆமாம் என்று சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு பெண் விண்ணப்பத்தோடு வந்து எதிரில் நின்றாள். சர்வர் வேலை செய்யவில்லை, அப்புறம் வாருங்கள் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

பக்கத்தின் அடியில், கல்லறை பற்றிய குறிப்பில், புதிதாக நாலு வரி எழுதியிருந்தது.

‘கல்லறைத் திருநாள் அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த இடத்துக்குப் போனேன். பெரியம்மாவின் கல்லறையைத் தேடினோம். எல்லாப் பெயரையும் படித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. நடுவில் இருக்கும் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம்.’

எந்த இடத்துக்குப் போனார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்பா ஊர்க் கல்லறையில் நடுவில் சிலுவை எதுவும் கிடையாது. பிறகு அம்மாவின் பக்கத்தில் அடக்கம் செய்த இடம் என்ற வரியைப் பார்த்தேன். ‘சபைக் கல்லறைத் தோட்டம், அருப்புக்கோட்டை.’ அழுத்தினால், வரைபடத்தில் டவுன் கல்லறையின் கேட்டின்மேல் நான் வைத்த புள்ளி.

அந்தத் ‘தாலுகா’ அதிகப்படி இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு சித்தப்பா, ஊர்ப் பெயரைப் போடாமல், தன் காலத்து வழக்கப்படி அருப்புக்கோட்டைத் தாலுகா என்று எழுதியது எங்கள் ஊர்க் கல்லறையைத்தான். ஊர் திருச்சுழித் தாலுகாவுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் எனக்கு அது தோன்றவே இல்லை. தாலுகாவெல்லாம் தெரிந்தவளாயிற்றே நான். அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து எங்கள் ஊர்க் கல்லறையில் கிடக்கும் அத்தனை பேரையும் ஒரே அழுத்தில் டவுனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவின் கல்லறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த வரியை நான் திறந்து பார்க்கவே இல்லை. அது தெரியாதவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள். திருத்தங்களின் பட்டியலில் என் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது.

ஒன்றாக்குவது சுலபம் என்றேன். பிரிப்பதற்குப் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு ஆளாகத் திறந்து மாற்ற வேண்டும். முதலில் அம்மாவை மாற்றினேன். ஊர்ப் பெயரோடு புது இடம் சேர்த்து, கருவேலங்காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் அந்தச் சின்ன நிலத்தைக் கண்டுபிடித்துப் புள்ளியை வைத்தேன். பிறகு அந்தக் குறிப்பை எழுதியவளுக்கு, நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்று எழுதி, என் போன் நம்பரையும் போட்டேன்.

மத்தியானம் போன் வந்தது.

“அக்கா, நான் ஒங்க சித்தி மக. தூத்துக்குடிலருந்து பேசுறேன். கால்ல அடிபட்டு வீட்ல இருந்தப்ப, அம்மாட்டக் கேட்டுக் கேட்டு ஏத்துனதுதான் அதெல்லாம். அம்மா பக்கத்துல இருக்காக. குடுக்கவா?”

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

“தாயி,” என்றது ஒரு வயதான குரல். “அப்ப அவ அங்க இல்லையா?”

“இல்ல சித்தி. எங்கப்பா ஊர்ல இருக்காக. நான்தான் எடத்த மாத்திப் போட்டுட்டேன். ஒங்கள அலைய விட்டுட்டேன்.”

“காலைல போயி வெயிலு ஏறுற வரைக்கும் படிச்சோம். எம்மக ஒரு வரிச, நான் ஒரு வரிச. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, கையால தடவிப் பாத்தேன். பேரு வெட்டாம இருக்காகளோ, கல்லே வைக்கலியோன்னு நெனச்சோம்.”

“கல்லு இருக்கு சித்தி.”

“பேரு எப்பிடி வெட்டியிருக்கு?”

சொன்னேன். அப்பாவின் இனிஷியலோடு, அம்மாவின் முழுப்பெயர். சித்தி அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு இன்னொரு பெயரைச் சொன்னாள். அது அம்மாவை வீட்டில் கூப்பிட்ட பெயராம். இரண்டே எழுத்து. நான் கேட்டதே இல்லை. அப்பாகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதை யாருக்கும் சொல்ல வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

“அந்தப் போட்டோவுல அவளுக்கு நரைச்சிருக்கு,” என்றாள் சித்தி. “நரைச்ச முடியோட அவள நான் பாத்ததில்ல.”

அடுத்த சனிக்கிழமை வருகிறோம் என்றார்கள்.

எம்.ரெட்டியபட்டி ஸ்டாப்பில் நின்றேன். பஸ்ஸிலிருந்து முதலில் மகள் இறங்கி, பிறகு சித்தியின் கையைப் பிடித்து இறக்கினாள். சித்தி குள்ளம். அம்மா உயரம். முகத்திலும் பெரிய ஒற்றுமை இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. சித்தி என்னைப் பார்த்துவிட்டு, தன் மகளிடம், “இவ அவ அப்பா சாயலக் கொண்டிருக்கா,” என்றாள். அவளுக்கும் ஏமாற்றம்தான் போலிருக்கிறது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் ஊர் வருகிற வரை விடவில்லை.

கல்லறைக்குப் போகும் பாதையில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தது. முந்தின நாளே ஆள் விட்டு வெட்டிப்போட்டிருந்தேன். அப்படியும் சித்தியின் சேலை இரண்டு இடத்தில் மாட்டியது. அம்மாவின் கல்லறை சிமெண்டுப் பூச்சுத்தான், தலைமாட்டில் ஒரு கல். கல்லைப் பார்த்ததும் சித்தி செருப்பைக் கழற்றினாள். முள் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. கல்லில் வெட்டியிருந்த ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவினாள். பெயர் முடிந்ததும் வலது கையை நெற்றியில் வைத்து, மார்பில் வைத்து, இரண்டு தோளிலும் வைத்து முழுச் சிலுவை போட்டாள்.

மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. கரிசல்காட்டுக் காற்று, மறைக்க ஒரு சுவர் இல்லை. நாலைந்து தடவை அணைந்தபிறகு மகள் ஒரு தகர டப்பாவைத் தேடி எடுத்துவந்து அதற்குள் நட்டு வைத்தாள். எங்கள் சபையில் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் இல்லை. அப்பா பக்கத்தில் படுத்திருந்தார். அவருக்கும் ஒன்று ஏற்றட்டுமா என்று சித்தி என்னிடம் கேட்டாள். ஏற்றுங்கள் என்றேன்.

“எங்கய்யாவுக்கு, ஒன் தாத்தாவுக்கு, கால்ல புண்ணு,” என்றாள், அப்பாவின் பெயரைப் படித்துக்கொண்டே. “கட்டுப் போட இவருதான் சைக்கிள்ள வருவாரு. புண்ணு ஆறிருச்சு. அதுக்கப்புறமும் வந்தாரு.” சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா சைக்கிளில் போய்க் கட்டுப் போட்ட கதை எனக்கு அன்றுவரை தெரியாது.

பிறகு சித்தி கல்லறையின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். மகளைப் பார்த்து, “நீ போயி தண்ணி வாங்கிட்டு வா,” என்றாள். பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மகள் எழுந்து போனாள்.

“எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சுச் சேலை எடுக்க வந்தோம் தாயி. அருப்புக்கோட்டையில ஒரு ஜவுளிக்கடை. அய்யா, அண்ணன், நான். சேலையை விரிச்சுப் போட்டுட்டு இருக்காக. நான் தலையத் தூக்கிப் பாக்குறேன், வாசப்படியில அக்கா நிக்கிறா. இடுப்புல ஒன்ன வச்சிருக்கா. நீ அழுதுக்கிட்டு இருக்க, மூக்கெல்லாம் ஒழுகிக்கிட்டு. அய்யா முதுகக் காட்டி உக்காந்திருக்காரு, அவரு பாக்கல.”

உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டாள்.

“என்னையப் பாத்துட்டா. சிரிச்சா. நான் சேலையப் பாத்துட்டேன். குனிஞ்சவ நிமிரவே இல்ல. கடைக்காரரு இது நல்லாருக்கா, இது நல்லாருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். நிமிந்து பாத்தப்ப வாசல்ல யாருமில்ல.”

எனக்கு அது ஞாபகம் இருக்க வழியில்லை. ஆனாலும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஜவுளிக்கடை வாசல், அம்மாவின் இடுப்பு, உள்ளே விரித்துக் கிடந்த பட்டு. எதுவும் வரவில்லை.

“வெளிய ஓடிப் போயி ஒரு வார்த்த பேசியிருக்கலாம். அய்யா அடிச்சாலும் ஒரு அடிதான். அவ செத்துப் போனத எனக்கு நாப்பது நாள் கழிச்சுத்தான் அண்ணன் சொன்னாரு. எங்க வச்சாகன்னு கேட்டேன். சபைக் கல்லறையிலன்னாரு. எந்த ஊருன்னு அவருக்கும் தெரியல. யார்ட்டப் போயிக் கேக்க?” என் முகத்தைப் பார்த்தாள். “அவ ஒங்கிட்ட அதச் சொல்லியிருக்காளா? நான் பாக்காம இருந்தத?”

சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. திட்டியிருந்தாலும் சரி, அழுதிருந்தாலும் சரி, அதைக் கொண்டுவந்து சித்தியிடம் கொடுத்திருப்பேன்.

“இல்ல சித்தி. எதுவும் சொல்லல.” பிறகு, விலக்கில் பஸ் நிற்கும்போது அம்மா என்ன செய்வாள் என்று சொன்னேன். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் அவள் பார்த்தது. தெரிந்தவர்கள் மாதிரி இருந்தது என்றது.

சித்தி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் கடையே திறக்காத ஊரில் தண்ணீர் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பி வந்து, தூரத்திலேயே நின்றாள். காற்றில் கருவேலங்காய்கள் சலசலத்தன.

புறப்படும்போது, “அடுத்த தடவ நம்ம ஊருக்குப் போவோம். ஒனக்கு எல்லாம் காட்டுறேன்,” என்றாள் சித்தி. நம்ம ஊர் என்று அவள் சொன்னது எனக்குக் காதில் நின்றது. பந்தல்குடிக்கு வந்து தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அந்த அடுத்த தடவை வரவில்லை. தைப்பொங்கல் கழிந்து சித்தி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. நான் தூத்துக்குடிக்குப் போய்ப் பார்த்தேன். கம்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். பஸ் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் கடையை மத்தியானத்தோடு அடைத்துவிட்டு நான் மட்டும் போனேன். விலக்கில் இறங்கி உள்ளே நடந்தேன். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்த வெறும் காடு. மாதா கோயில் ஊர் முகப்பிலேயே இருந்தது. புதுப்பெயின்ட் அடித்திருந்தார்கள். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் வயதானவர். விவரம் சொன்னதும், பெரிய நீளமான பதிவேடு ஒன்றைத் துணி உறையிலிருந்து எடுத்து, பக்கங்களை மெதுவாகப் புரட்டி, ஒரு வரியைக் காட்டினார். அம்மாவின் பெயர். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் பெயர். மை பழுப்பாகியிருந்தது. மற்ற வரிகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“கல்யாணம்மா. இங்க ஞானஸ்நானம் வாங்குனவுகளுக்கு எந்த ஆர்.சி. கோயில்ல கல்யாணம் நடந்தாலும், அந்தச் சாமியாரு எங்களுக்கு எழுதி அனுப்புவாரு. நாங்க ஓரத்துல குறிச்சுக்கிருவோம்.”

அம்மாவின் வரிக்குப் பக்கத்தில் ஓரம் வெறுமையாக இருந்தது. அதை எழுத முடியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து சித்திக்குப் போன் போட்டேன்.

“கோயில்லயா நிக்கிற?” என்றாள். குரல் மாறிவிட்டது. “கோயிலுக்கு எதுத்தாப்புல புளியமரம் இருக்கா?”

“இல்ல சித்தி. செல்போன் டவர் இருக்கு.”

“சரி, அதுக்கு எடது கைப் பக்கமாப் போ. ஒரு கெணறு வரும்.”

கிணறு இல்லை. தண்ணீர்த் தொட்டி இருந்தது, இரண்டு குடங்கள் வரிசையில் இருந்தன. சொன்னேன். அதுதான், அதேதான் என்றாள் சித்தி. அங்கிருந்து நாலாவது வீடு என்றாள். எண்ணினேன். நாலாவது வீடு இல்லை. மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு காலி மனை. அம்மாவின் அண்ணன் அதை விற்றுவிட்டதாகச் சித்தி முன்பே சொல்லியிருந்தாள். வாங்கியவர்கள் வீட்டை இடித்துவிட்டு இன்னும் எதுவும் கட்டவில்லை. ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்தது.

“வீடு இல்ல சித்தி. எடம் மட்டும் இருக்கு.”

“எடம் இருக்குல்ல,” என்றாள். “தெருப்பக்கத்துலருந்து நேரா உள்ள போ. பின்னால ஒரு கல்லு கெடக்கும், தொவைக்கிற கல்லு. அத யாரும் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாக.”

ஆட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். நெருஞ்சிமுள் காலில் ஒட்டியது. பின்பக்கம் எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் அந்தக் கல் கிடந்தது. ஒரு பக்கம் மண்ணில் புதைந்திருந்தது. கிடக்கிறது சித்தி என்றேன்.

“அது மேல ஒக்காரு. நாங்க ரெண்டு பேரும் அதுலதான் ஒக்காந்திருப்போம், சாயங்காலம்.”

உட்கார்ந்தேன். வெயிலில் கல் கொதித்தது. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து யார் வேண்டும் என்று கேட்டாள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னேன்.

“போன வச்சிராத,” என்றாள் சித்தி. “பேச வேண்டாம். சும்மா அப்பிடியே வச்சிரு.”

போனைக் கல்லின்மேல் எனக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆடு கத்தியது. தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். அந்தப் பக்கம் சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.